கேட்டவரும் சொன்னவரும்

திருவள்ளுவனார் பொருட்பாலின்கண் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்பதனை ஓர் அதிகாரமாக வைத்தருளினார். நன்னூலாரும் பாடங் கேட்கும் முறையினைத் தனியே வகுத்துரைத்தார். ஏட்டினைப் பார்த்துக் கற்பது ஒருபாலாக, அறிந்தார் வாய்க் கேட்டுக் கொள்வதும் கல்வியே என்பது நம் முன்னோர் துணிபு. ஆயின், கேட்டவன் ஒருவன் தான் கேட்டதனை நூலாக எழுதுங்காலத்து, அதனைத் தனக்குச் சொன்னவன் இன்னான் என்று உலகிற்கு அறிவித்தல் வேண்டுமோ, வேண்டாவோ? சொன்னவன் எழுத்தறியாதவனாயினும், வேற்றுச் சமயத்தவனாயினும், கூலிக்கு உழைப்பவனாயினும் அவ்வாறு அறிவித்தல் கடனாமோ? இவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டே, ஏறத்தாழ 400 ஆண்டுகட்கு முன் தமிழ்நாட்டுக் கடற்கரையில் வாழ்ந்த ஒல்லாந்த அறிஞர் ஒருவரின் வரலாற்றை நண்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம். அவர் பெயர் ஆபிரகாம் ரோகேரியுஸ்.

ஒல்லாந்தர் ஒருவரைப் பற்றி எழுதுதற்கு விருதுநகர்ச் சீமையிற் பிறந்த எமக்கு யாது இயைபு என வினவுவார் உளராகலாம். அவ்வியைபு வெடிமருந்தினால் வந்தது. எம் ஊர் சிவகாசிக்கு அணித்து. வானத்தை நோக்கிக் கிடக்கும் கரிசல் நிலம் அது. மழை பொய்ப்பின் நிலமும் பொய்க்கும். விருதுபட்டி என்னும் பழம்பெயர் நீங்கி விருதுநகர் எனும் பெயர் 1923-ஆம் ஆண்டில் வழங்கத் தலைப்பட்டது. ஏறத்தாழ அக்காலத்திலேயே சிவகாசியைச் சார்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு மேலொட்டும் படச்சீட்டு வேண்டியிருந்தது. அதனால் அச்சுத்தொழில் வளர்ந்தது. மருந்தைக் கையாளும் பழக்கம் வந்தபின் பட்டாசுத் தொழிலும் தழைத்தது. இம்மூன்று தொழில்களையும் நம்பியே இன்றும் எம் பக்கத்து ஊர்கள் அடுப்பு மூட்டுகின்றன. வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றன் பெயர்களும் எம் பக்கத்துச் சிறார்க்கு அரிச்சுவடிபோலத் தெரிந்தவை. இவ்வாறு வளர்ந்த யாம், சிவகாசிக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் முன்னரே தமிழ்நாட்டில் வெடிமருந்துக்குப் பேர்போன ஊர் ஒன்று இருந்தது என்பதனைக் கல்லூரி நூலகத்தே படித்தறிந்தபொழுது பெருவியப்புற்றோம். அவ்வூரே பழவேற்காடு.

சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் கலக்குமிடத்தில் அமைந்தது பழவேற்காடு. ஆங்கு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1613-ஆம் ஆண்டில் கெல்திரியா என்னும் கோட்டையை நிறுவினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்குத் தலைமையிடம் அதுவே. 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாறுமளவும் அப்பெருமை அதற்கு இருந்தது. நம் நெசவாளர் நெய்த துணிகளை வாங்கிக் கிழக்குத் தீவுகளிற் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கு ஈடாக நறுமணச் சரக்குகளைப் பெறுதல் அவர்கள் வாணிகமுறை. கோட்டையை அடுத்து வெடிமருந்துச் சாலை ஒன்றும் வைத்திருந்தனர். அங்கே இடித்துச் சேர்த்த மருந்து பத்தாவியா முதலிய அவர்தம் துறைமுகங்கட்குக் கப்பலேறிற்று. மருந்து மட்டுமன்று, பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக இக்கரையினின்றும் ஏற்றுமதி செய்யப்பட்டனர். இதனை மறைத்துவிட்டு ரோகேரியுஸின் புகழை மட்டும் பாடுதல் நேர்மையாகாது. ஆதலின் முதற்கண்ணே கூறிவிட்டோம்.

இனி, அப்பெரியார் எம்மரபில் தோன்றினார் என்பதனைச் சிறிது காண்போம். ஒல்லாந்து தேயத்து ரொட்டர்டாம் நகரில் தோன்றி, 1536-இல் மறைந்த எராஸ்மஸ் என்னும் பேரறிஞரை மாணவ நண்பர்கள் அறிவர். பிறர் கூறிய உரையோடு நின்றுவிடாது மூலத்தையே தேடிச் செல்லுக என்பது அவர் வாழ்ந்து காட்டிய நெறி. அந்நெறிபற்றியே 1516-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டினைக் கிரேக்க மூலத்தோடு அச்சிட்டளித்தார். கிரேக்கரும் உரோமரும் வழங்கிய பழமொழிகளையும் தொகுத்தார். 1500-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 800-ஆக வெளிவந்த அத்தொகுதி, அவர் வாழ்நாள் முடிவதற்குள் 4000-க்கு மேற்பட்டு வளர்ந்தது. பழமொழியை எழுதியதோடு அவர் நின்றாரல்லர். அஃது எவ்வாசிரியர் வாயிலாகக் கிடைத்தது என்பதனையும் உடன் எழுதினார். சொன்னவன் பெயரைச் சுட்டுதல் புலமையின் ஒழுக்கமாயிற்று.

எராஸ்மஸ் மறைந்து 39 ஆண்டுகள் கழிந்தபின், 1575-இல், லெய்டன் பல்கலைக்கழகம் தோன்றிற்று. மூலநூலாராய்ச்சிக்கு ஐரோப்பா முழுதும் பேர்பெற்ற இடம் அது. கிழக்குத் தேயங்கட்குச் செல்லும் குருமாரைப் பயிற்றுதற்பொருட்டு அந்நகரில் 1622-இல் ஒரு கல்விச்சாலை தொடங்கப்பெற்றது. அதன்கண் பயின்ற மாணாக்கருள் ஒருவரே ஆபிரகாம் ரோகேரியுஸ். 1630-களின் தொடக்கத்தில் அவர் பழவேற்காட்டுக் கோட்டைக்குக் குருவாக வந்துசேர்ந்தார். 1642 வரையில், ஏறத்தாழப் பத்தாண்டுகள், அங்கே வதிந்தார்.

கோட்டையிலுள்ள ஒல்லாந்தர்க்குத் திருமறை ஓதி, ஞானஸ்நானமும் அடக்கமும் நடத்தி, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்திருப்பாராயின், அவரைக் குறை கூறுவார் ஒருவரும் இரார். இன்று நினைப்பாரும் இரார். ஆனால் அவர் உள்ளத்தில் ஒரு வேட்கை எழுந்தது. கோட்டை மதிலுக்கு வெளியே வாழும் இம்மக்கள் எதனை நம்புகின்றனர், எவ்வாறு மணஞ்செய்கின்றனர், இறந்தாரை எவ்வாறு அடக்குகின்றனர், இவர்தம் நூல்கள் யாவை என்று அறிய விரும்பினார். ஏட்டைப் பார்த்துக் கற்க வடமொழி அறியார். ஆதலின் அறிந்தாரை அடுத்துக் கேட்கலானார். அவ்வாறு அவர்க்குக் கிடைத்தவருள் முதன்மையானவர் பத்மநாபன் என்னும் அந்தணர். போர்த்துக்கேயர் ஆட்சிப் பக்கத்தினின்றும் நீங்கி ஒல்லாந்தரிடம் அடைக்கலம் புகுந்தவர் அவர் என்ப. இருவர்க்கும் பொதுமொழியாக அமைந்தது போர்த்துக்கேய மொழி. ஒருவர்க்கும் தாய்மொழியல்லாத அம்மொழியில் ஒருவர் வினவ, மற்றவர் விடைபகர்ந்தனர். அயலே வெடிமருந்து இடிக்கும் உலக்கையின் ஒலி. உள்ளே வினாவும் விடையும். இக்காட்சியை எண்ணுந்தோறும் எம் உள்ளம் சிலிர்க்கின்றது.

ரோகேரியுஸ் பின்பு பத்தாவியாவிற் பணிபுரிந்து, தம் தாயகம் திரும்பி, 1649-ஆம் ஆண்டில் கௌடா என்னும் ஊரில் காலமானார். அவர் எழுதிவைத்த நூலை அவர் மறைந்தபின் அவருடைய மனைவியார் வெளிக்கொணர, 1651-இல் அது லெய்டனில் அச்சேறிற்று. நான்கு வேதங்களின் பெயர்கள், குலப்பிரிவுகள், திருமணம், விரதம், திருவிழா, கோயில் வழிபாடு, உடன்கட்டை என்று எத்துணையோ செய்திகள் அதனுள் உள. இறுதியில் பர்த்ருஹரியின் நீதியையும் வைராக்கியத்தையும் பற்றிய இரண்டு சதகங்கள், அஃதாவது இருநூறு மொழிகள், ஒல்லாந்த மொழியில் இடம்பெற்றன. பத்மநாபன் வடமொழியிலிருந்து போர்த்துக்கேயத்தில் வாய்மொழியாக விளக்க, ரோகேரியுஸ் அவற்றைத் தம்மொழியிற் பெயர்த்தார். ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதல் வடமொழி இலக்கிய மொழிபெயர்ப்பு இதுவே என்பர். சார்லஸ் வில்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் பகவத்கீதையை அச்சிற் கொணர்ந்தது 1785-இல். இதற்கு 134 ஆண்டுகள் பின்பு. 1663-இல் ஜெர்மானியத்திலும், 1670-இல் பிரெஞ்சிலும் ரோகேரியுஸின் நூல் மொழிபெயர்க்கப்பெற்றது. பழவேற்காட்டுத் திண்ணையொன்றில் எழுந்த சொல் ஐரோப்பிய அறிஞர் மேசையிற் போய் அமர்ந்தது.

இந்நூலின் பெருமை அதன் முதன்மையில் மட்டும் இல்லை என்பது எம் கருத்து. செய்தி தந்தவர் பத்மநாபன் என்பதனை ரோகேரியுஸ் மறைத்தாரல்லர். நூலினுள்ளே அவர் பெயரை எழுதினார். அவர் இன்னது கூறினார் எனக் கூறியவாறே பதிந்தார். எராஸ்மஸ் முதலியோர் இறந்துபோன கிரேக்கர்க்கும் உரோமர்க்கும் அளித்த மதிப்பினை, தம்மெதிரே அமர்ந்திருந்த ஓர் உயிருள்ள மனிதர்க்கு, அதிலும் தாம் உடன்படாத சமயத்தவர்க்கு, இவர் அளித்தார். அதனாலன்றோ பத்மநாபன் என்று ஒருவர் வாழ்ந்தார் என்பதனை நாம் இன்று அறிகின்றோம்! அவர்க்குக் கல்லறையுமில்லை, கல்வெட்டுமில்லை. பழவேற்காட்டில் இன்றும் காணப்படும் ஒல்லாந்தர் கல்லறைகளில் கம்பெனி உத்தியோகத்தரின் பெயர்கள் அழகாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பத்மநாபனுக்கோ அந்நூலின் வரிகளே கல்வெட்டாயின.

இதன் அருமை ஓர் ஒப்புமையால் விளங்கும். யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த பிலிப்புஸ் பல்தேயுஸ் என்னும் ஒல்லாந்தக் குரு எழுதிய பெருநூல் 1672-இல் வெளிவந்தது. மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் படங்களோடு விவரிக்கும் அந்நூல் ரோகேரியுஸின் நூலினும் பெரும்புகழ் எய்திற்று. ஆயின் அதில் தெய்வக் கதைகளைக் கூறும் பகுதி பெரிதும் பெனிசியோ என்னும் இயேசுசபைக் குருவின் கையெழுத்து நூலின் வழிப்பட்டது என்பதனை 20-ஆம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். பெனிசியோவின் பெயரைப் பல்தேயுஸ் கூறினாரல்லர். கற்றார் ஒருவரின் உழைப்பே இவ்வாறு பெயரிழந்து நிற்குமாயின், கல்லாதார் வாய்ச்சொல் படும் பாட்டை என்னென்பது!

இவ்வளவு கூறியபின், எம் கூற்றிற்கு எழக்கூடிய தடைகளையும் எடுத்துரைத்தல் முறையாம். நூலின் பெயரே முதற்றடை. மறைந்து கிடக்கும் அஞ்ஞான மதத்திற்குத் திறந்த கதவு என்பது அப்பெயரின் பொருள். முகப்பிலே அஞ்ஞானம் என்று எழுதிவிட்டு உள்ளே பத்மநாபனை மதித்ததாகக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? இது நியாயமான தடையே. முகப்பில் ரோகேரியுஸின் பெயர் உண்டு. பத்மநாபனின் பெயர் இல்லை. ஆயினும் ஒன்று நோக்குக. பெயர் அவர் காலத்தது. உள்ளிருக்கும் முறையோ காலத்தைக் கடந்தது. தாம் ஒப்பாத கருத்தினையும் ஒப்பாமையாற் சிதைக்காது, சொன்னவர் சொன்னவாறு எழுத அவர் முயன்றார். கதவு என்று தாம் வைத்த பெயர்க்கு அவர் உண்மையாகவே நடந்தார். கதவைத் திறந்தவன் உள்ளே இருப்பதனை இகழினும், திறந்த கதவின் வழியே பின்வருவோர் தம் கண்ணாற் காணலாமன்றோ?

இரண்டாந்தடை இதனினும் வலிது. அடிமைகளைக் கப்பலேற்றிய கம்பெனியிடம் சம்பளம் பெற்றவர் ரோகேரியுஸ். அக்கம்பெனியின் நிழலில் அடைக்கலமாக இருந்தவர் பத்மநாபன். அடைக்கலம் புகுந்தவன் விடைகூற மறுக்க இயலுமோ? தம் பெயரும் தம் சமயமும் கடல்கடந்து எவ்வாறு அச்சிடப்படும் என்பதனைப் பத்மநாபனிடம் எவரேனும் கூறினரோ? இவ்வினா எம்மைப் பல இரவுகள் வருத்திற்று. இதற்கு எம்மால் தரக்கூடிய விடை ஒன்றே: ரோகேரியுஸின் முறையை நாம் பின்பற்றுதல் போதாது; அதனினும் ஒருபடி மேற்செல்லுதல் வேண்டும். அப்படி யாது என்பதனைப் பின்னர்க் கூறுவோம்.

மூன்றாந்தடை நம் இல்லங்களிலேயே எழுவது. கிறிஸ்தவ மாணவன் பிற சமயத்தார் நூலிலும் வழக்கிலும் ஏன் இத்துணை ஈடுபடவேண்டும் என்று பெரியோர் சிலர் எம்மையே வினவியதுண்டு. தமிழ் சிறப்பு வகுப்பிற் சேர்ந்தபொழுது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பாசுரங்களையும் நீ பாடங்கேட்க நேருமே என்று எம் சுற்றத்தார் ஒருவர் கவலையுற்றார். அவர்தம் அன்பினை யாம் அறிவோம், கருத்தினை ஏற்கோம். தரங்கம்பாடிச் சீகன்பால்கு ஐயர் தமிழர் வழிபடும் தெய்வங்களின் வரலாற்றை 1713-இல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அத்தகைய செய்தி அச்சேறுதல் தகாது என்று அங்குள்ள மேலோர் கருதினர். அந்நூல் 1867-இல், 154 ஆண்டுகள் கழிந்தபின், சென்னையில் அச்சாயிற்று. அதனாற் கெட்டது சீகன்பால்கு ஐயரின் விசுவாசமா? அன்று, உலகின் அறிவே ஒன்றரை நூற்றாண்டுக்காலம் குறைந்து நின்றது.

இவ்வறம் கிறிஸ்தவர்க்கே உரியது என்றும் எண்ணற்க. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபொழுது, சைவராகிய அவர்க்குச் சமணக் கருத்துக்கள் பல விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்கட்குச் சென்று, அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். அவ்வாறு கேட்டதனாலேயே 1887-இல் அந்நூல் செவ்விய பதிப்பாக வெளிவந்தது. ஏடு கொடுத்தோர், ஐயம் தீர்த்தோர் ஆகியோர் பெயர்களை அவர் தம் முன்னுரைகளில் நன்றியோடு குறிப்பதனைப் படிப்போர் காண்பர். அவரினும் முற்பட்டவர் நம் சங்கத்தொகையாளர். குறுந்தொகைச் செய்யுளொன்றின் ஆசிரியர் பெயர் கிடைக்காதொழியவே, அவர் பாட்டிலுள்ள ஓர் அழகிய உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என வழங்கினர். பெயர் அறியாவிடத்தும் பெயரின்றி விட மனம் ஒப்பாத மரபு நம்முடையது.

அம்மரபில் வந்த நாம், நம்மூரில் இன்று என்ன செய்கின்றோம்? சிவகாசியில் அச்சாகும் பட்டாசுப் பெட்டியின்மேல் வண்ணப்படம் உண்டு, விற்பவர் பெயர் உண்டு, விலை உண்டு. அதனுள் இருக்கும் சரத்தைப் பின்னிய கையின் பெயர் இல்லை. அது வாணிக வழக்கம் என விட்டுவிடலாம். ஆனால் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 உயிர்கள் மாண்டபொழுது, உலகம் அறிந்தது அவ்வெண்ணை, பெயர்களை அன்று. எண் மறுநாள் வேறொரு செய்திக்கு இடங்கொடுத்து மறைந்தது. எம் சீமையைப் பற்றி எழுதுவோர் பலர். தொழிலாளர் இத்துணையர், விபத்துகள் இத்துணை, வருமானம் இவ்வளவு என்று எழுதுவர். அத்தொழிலாளர் யாது கூறினர், எச்சொல்லாற் கூறினர் என்று எழுதுவார் மிகச் சிலர்.

சென்ற கோடை விடுமுறையில் இதனை யாமே சோதித்துப் பார்க்க விழைந்தோம். எம் தெருவில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சரம் பின்னிவரும் மூதாட்டி ஒருவர் உளர். ஒரு மாலைப்பொழுதில் குறிப்பேட்டுடன் சென்று அவர் திண்ணையில் அமர்ந்து, “பாட்டி, உங்கள் தொழிலில் வழங்கும் சொற்களைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்று வேண்டினோம். அவர் நகைத்தார். அவர் சொன்னவாறே எழுதுகின்றோம்: “ஏய்யா, காலேசுல படிக்கிற பிள்ளைக்கு எங்க பேச்சு எதுக்கு? இதெல்லாம் ஒரு படிப்பா?” சிறிது வற்புறுத்தியபின் சொல்லத் தொடங்கினார், விளக்கேற்றும் நேரம் கடந்தும் நிறுத்தவில்லை.

சரம் என்பதற்கு மணி கோத்த வடம், மாலை என்று யாம் அகராதியிற் கண்டிருந்தோம். அவரோ, “மல்லியப்பூவக் கட்டுற மாதிரியே தான்யா வெடியையும் கட்டணும். பூவுன்னாலும் சரந்தான், வெடின்னாலும் சரந்தான். பூக்கட்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு இந்த வேல ஒரு நாளுல வந்துரும்” என்றார். பூத்தொடுக்கும் சொல் வெடிதொடுக்கும் சொல்லாயினமைக்குக் காரணம் கையின் பழக்கமே என்பதனை எந்த அகராதி எமக்குக் கூறும்? மருந்து என்னும் சொல் நோய்தீர்ப்பதற்கும் வெடிப்பதற்கும் பொதுவாக நிற்பதனை வினவினோம். “உசுரக் காக்குறதும் மருந்து, உசுர எடுக்குறதும் மருந்து. ரெண்டையும் அளவோட தொடணும்” என்றார். தம் இடக்கையில் இருந்த பழைய தீப்புண்ணின் வடுவினை அப்பொழுது அவர் தடவிக்கொண்டார். அதனை அவர் எமக்குக் காட்டவில்லை, யாமே கண்டோம்.

எழுந்து வருங்கால், இவற்றையெல்லாம் உங்கள் பெயரோடு கல்லூரி ஏட்டில் எழுதுகிறேன் என்று பெருமிதத்தோடு கூறினோம். அவர் முகம் மாறிற்று. “எம் பேரப் போட்டுறாதய்யா. நாளைக்கும் நான் வேலைக்குப் போகணும்” என்றார். தலைகுனிந்தோம். பெயரைச் சுட்டுதலே அறம் என்று நூலிற் படித்துச் சென்ற எமக்கு, பெயரைச் சுட்டுவதாலேயே ஒருவர்க்குத் தீங்கு நேரலாம் என்பதனைக் கற்பித்தவர் அவரே. ஆதலின் அவர் பெயரை ஈண்டு எழுதினோமல்லோம். எம் குறிப்பேட்டில் அது உண்டு. என்றேனும் அவரே வந்து எழுதுக என்று கூறின், எழுதுவோம்.

ரோகேரியுஸினும் ஒருபடி மேற்செல்லுதல் வேண்டும் என்று மேலே கூறியது இதனையே. கேட்டதனைச் சொன்னவாறு எழுதுதல் ஒன்று. சொன்னவர் பெயரைத் தன்னுடையதாக விழுங்காமை இரண்டு. அப்பெயரை வெளியிடலாமா, கூடாதா என்று அவரையே கேட்டு, அவர் சொற்படி நிற்றல் மூன்று. முதலிரண்டனையும் ரோகேரியுஸிடம் கற்றோம். மூன்றாவதனைச் சரம் பின்னும் மூதாட்டியிடம் கற்றோம். பெயரை மறைத்தல் வேறு, பெயரைக் காத்தல் வேறு. முன்னையது களவு, பின்னையது அடைக்கலம். பெயரைக் கேளாமலே வருதலோ இவ்விரண்டும் அன்று. அது வெறும் அசட்டை.

இவற்றை மனத்திற்கொண்டு எம் கல்லூரித் தமிழ்ப் பேரவைக்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். விடுமுறைக்கு ஊர்செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு கொண்டுசெல்க. தத்தம் ஊரின் தொழிற்சொற்களுள் ஒருசிலவற்றையேனும், தொழில் செய்வார் வாய்க் கேட்டு எழுதிவருக. தீப்பெட்டி ஒட்டுவோர், அச்சுக் கோத்த முதியோர், விருதுநகர் எண்ணெய்ச் செக்காளர், சாத்தூர்ப் பக்கத்துக் கரிசற் குடியானவர் என்று கேட்கத்தக்கார் எத்துணையோ பேர். பட்டமும் பல்கலைக்கழகமும் இன்றியே இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982-இல் அகராதியாக வெளியிட்டார். அவர் தனியொருவராய்த் தொடங்கியதனைச் சிறப்பு வகுப்பு மாணவர் பலர் கூடிச் செய்ய இயலாதோ? அக்குறிப்பேடுகள் நம் நூலகத்தில் ஒரு பேழையில் வைக்கப்படுக. ஒவ்வொரு சொல்லின் கீழும் சொன்னவர் பெயரும், அதனை வெளியிட அவர் இசைந்தாரா என்பதும் எழுதப்படுக. தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது என்பதனை யாமும் அறிவோம். எனினும் எராஸ்மஸின் 4000 பழமொழிகளும் 800-இலேயே தொடங்கின. எம்முடையது 20 சொற்களில் தொடங்கியிருக்கின்றது.

காலம் கடத்தற்கில்லை. எம் தெருவிலேயே பட்டாசு வேலையை விட்டுப் பிற ஊர்களுக்குச் செல்வோர் ஆண்டுதோறும் மிகுகின்றனர். அபாயம் நிறைந்த வேலையை விட்டுச் செல்வது நன்றே. அத்தொழில் மாறுக, அதிலுள்ள ஆபத்து ஒழிக. ஆனால் அதனைச் செய்த மக்களின் சொல்லும் அறிவும் அவர்களோடு மண்ணிற் புதைதல் வேண்டா. பழவேற்காட்டு வெடிமருந்துச் சாலையில் உலக்கை பிடித்தவர் யார் யார் என்பதனை இன்று நாம் அறியோம். அவர்களை ஒருவரும் கேட்டிலர். ரோகேரியுஸ்கூட அந்தணரைக் கேட்டனரேயன்றி, மருந்திடித்தாரைக் கேட்டனர் என்பதற்கு அவர் நூல் சான்று தரவில்லை. 400 ஆண்டுகள் கழித்து எம் சீமையைப் பற்றி எழுதப்போகும் மாணவன் ஒருவனும் இவ்வாறே வருந்தலாமோ?

தம் ஆடுகளைப் பேர்சொல்லி அழைக்கும் மேய்ப்பரைத் தொழும் நாம், அயலாரின் பெயரைக் கேட்டறியாது வாழ்தல் முறையன்று. கேட்போம், கேட்டதனைக் கேட்டவாறு எழுதுவோம், சொன்னவரை மதிப்போம். எம் குறிப்பேட்டின் அடுத்த பக்கம் வெறுமையாக உள்ளது. இவ்விடுமுறையிலும் அத்திண்ணைக்குச் செல்வோம்.